வீட்டு நீர்வடிகட்டியைச் சோதித்தறியும் முறை

நெசவாளர் நூல் வாங்கும்போது இழையை இழுத்துப் பார்க்கிறார், முறுக்கைப் பார்க்கிறார், சிட்டத்தின் எடையை நிறுத்துப் பார்க்கிறார். பயிரிடுவோர் விதை வாங்கும்போது 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, அவற்றில் எத்தனை முளைத்தன என்று கணக்கெடுத்த பின்னரே நாற்றங்காலில் தூவுகிறார். விற்பவர் சொல்லை நம்பிப் பொருள் வாங்கும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. கூட்டுறவு இயக்கமே அளவிலும் தரத்திலும் ஏமாற்றம் நேராமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்ததன்றோ?

ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டும் நீர்வடிகட்டி ஒன்றை மட்டும் நாம் சோதிப்பதில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. கெட்ட நூல் தறியிலேயே அறுந்து தன் குற்றத்தைக் காட்டிவிடும். கெட்ட வடிகட்டியோ தெளிந்த நீரையே தந்துகொண்டிருக்கும். அதன் குற்றம் வீட்டுக் குழந்தையின் வயிற்றுப்போக்கில்தான் வெளிப்படும். ஆகவே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வடசென்னைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வடிகட்டியைச் சோதிக்கும் முறையை இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

நீரில் உள்ள குற்றங்கள்

வடிகட்டியைச் சோதிக்கு முன்னர், நம் நீரில் உள்ள குற்றம் யாது என்று தெளிய வேண்டும். நோயறியாமல் மருந்தை மதிப்பிட இயலாது. குடிநீரின் குற்றங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது கலங்கல். மண், துரு, அழுக்கு முதலியன இதில் அடங்கும். இரண்டாவது கிருமி. காலரா, டைபாய்டு, மஞ்சட்காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்குபவை இவை. மூன்றாவது கரைந்துள்ள உப்புக்கள். உவர்ப்பும் கடினத்தன்மையும் இவற்றால் விளைவன. நான்காவது, மிகச் சிறு அளவிலேயே தீங்கு செய்யும் ஈயம், ஆர்சனிக், குரோமியம் போன்ற உலோகங்களும், எண்ணெய், பூச்சிமருந்து போன்ற இரசாயனங்களும் ஆம்.

இந்நான்கில் முதலாவதைக் கண் காணும். மூன்றாவதை நாக்கு அறியும். இரண்டாவதையும் நான்காவதையும் எந்தப் புலனாலும் அறிதல் அரிது. உயிருக்கு ஊறு செய்பவை பெரும்பாலும் இவ்விரண்டே.

வடசென்னையும் அதன் நீரும்

பழைய நாளில் இப்பகுதியின் மணற்பாங்கான நிலம் தானே ஒரு வடிகட்டியாக இருந்தது. மழைநீர் மணலில் இறங்கித் தெளிந்து கிணறுகளில் ஊறிற்று. 1772-ஆம் ஆண்டில் காப்டன் பேக்கரின் திட்டப்படி அமைந்த ஏழு கிணறுகளிலிருந்துதான் ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் சென்றது; அவ்விடத்திற்கு இன்றும் ஏழுகிணறு என்றே பெயர். திருவொற்றியூரில் நெசவாளர் குடியேற்றமாகத் தோன்றிய காலடிப்பேட்டை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநராயிருந்த காலெட் என்பவரின் பெயரால் அமைந்து, நாளடைவில் அப்பெயர் திரிந்து வழங்குவதாகும்.

ஊர் பெருகியபின் கிணற்று நீர் போதவில்லை. 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. எனினும் அது வடிகட்டப்படாத நீரே. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே சுத்திகரித்த நீர் நகர மக்களுக்குக் கிடைக்கலாயிற்று.

இன்று வடசென்னையில் ஒரே தெருவில் நான்கு வகை நீரைக் காணலாம்: குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர், கேன் நீர். ஒவ்வொன்றின் குற்றமும் வெவ்வேறு. பழைய குழாய்கள் சாக்கடைக்கு அருகே செல்லும் இடங்களில், நீர் வராத வேளையில் குழாயின் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே அழுக்கு உள்ளே இழுக்கப்படலாம். அங்கே கிருமியே முதற்பகை. மீஞ்சூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் நிலத்தினுள் புகுந்தது. கடலுக்கும் கழிமுகத்துக்கும் அருகே ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகளில் உப்பே பெருங்குற்றம். 2013-ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் பெட்ரோல் கலந்து வந்ததை நாடு அறியும். அத்தகைய நீரை எந்த வீட்டு வடிகட்டியாலும் குடிக்கத் தக்கதாக்க இயலாது. அதனை விலக்குதல் ஒன்றே வழி.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆற்றலுடன் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் செயல்படத் தொடங்கியது. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதிகளின் குழாய்களுக்கு அந்நீர் வழங்கப்பட்டது. அங்கே உப்பை நீக்கும் சவ்வு முறையும், இன்று வீடுகளில் விற்கப்படும் ஆர்.ஓ. கருவியின் முறையும் ஒன்றே. அங்கு உப்பு நீங்கி வரும் நீருக்கு வீட்டில் மீண்டும் அதே கருவியைப் பூட்டுவது, வெளுத்த துணியை மறுபடி வெளுக்கப் போடுவதை ஒக்கும். குழாயில் வருவது எந்நீர், அதில் உப்பு எவ்வளவு என்று அளந்தறியாமல் கருவி வாங்குதல் வீண் செலவாக முடியலாம்.

துறைமுகப் பட்டினம் ஒன்று தந்த பாடம்

வடிகட்டியைச் சோதிக்க வேண்டியதன் அவசியத்தை உலகுக்கு உணர்த்தியவை, நம் இராயபுரத்தைப் போன்றே துறைமுகத்தை ஒட்டிய இரண்டு ஊர்கள். ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் தெருவுக்குத் தெரு ஒட்டிக் கிடந்தன. ஹாம்பர்க் ஆற்றுநீரை வடிகட்டாமல் வழங்கியது. ஆல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின்னர் வரும் அதே ஆற்றின் நீரை எடுத்து, மணல் வடிகட்டியில் வடித்து வழங்கியது. 1892-இல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனா பெரிதும் தப்பியது. எல்லைத் தெருவில் நோய் ஒரு பக்கத்து வீடுகளைத் தாக்கி, மறுபக்கத்து வீடுகளை விட்டுச் சென்றது.

பாடம் இத்துடன் முடியவில்லை. அடுத்த குளிர்காலத்தில், 1893-இன் தொடக்கத்தில், ஆல்டோனாவிலும் காலரா தலைகாட்டிற்று. ஆராய்ந்தபோது, கடுங்குளிரில் மணற்படுகை உறைந்து பழுதானதும், கிருமி அதன் வழியே தப்பி வந்ததும் தெரிந்தன. முந்திய ஆண்டில் ஊரைக் காத்த அதே முறைதான் இவ்வாண்டில் ஓசையின்றித் தவறியது. ஆகவே டாக்டர் ராபர்ட் காக் ஒரு விதியை வகுத்தார்: ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் தனித்தனியே, நாள்தோறும் சோதிக்க வேண்டும், ஒரு கன சென்டிமீட்டர் நீரில் 100 கிருமிகளுக்கு மேற்பட்டால் அந்நீரை ஊருக்கு விடலாகாது. 1884-இல் கல்கத்தாவின் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டவரும் இவரே.

நல்ல வடிகட்டி என்று ஒரு முறை பெயர் பெற்றது என்றும் நல்லதாகவே இருக்கும் என்பதில்லை. சோதனை ஒரு நாளோடு முடியும் சடங்கன்று. முறை தவறாமல் செய்ய வேண்டிய கடமை.

எவ்வடிகட்டி எதை நீக்கும்?

துணியிலிருந்து தொடங்குவோம், நம் நெசவாளர்க்கு இது பெருமை தரும் செய்தி. வங்காள தேசத்தில் மட்லாப் வட்டாரத்தில், பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிக்கும்படி பெண்களுக்குக் கற்பித்தனர். 2003-இல் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவுப்படி, அவ்வாறு செய்த ஊர்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஒட்டிக்கொண்டு வாழ்வதால், அவற்றைத் துணி தடுத்தபோது கிருமியும் தடைப்பட்டது. புதுச்சேலையைக் காட்டிலும் பலமுறை துவைத்த பழஞ்சேலை நன்கு தடுத்தது. துவைக்கத் துவைக்க இழை தளர்ந்து பிரிந்து கண் சிறுத்துவிடுவதே காரணம். எனினும் தனித்து மிதக்கும் கிருமியைத் துணி தடுக்காது. பாதி காத்தது என்றால் பாதி காக்கவில்லை என்பதும் அதனுள் அடக்கம்.

பீங்கான் மெழுகுவர்த்தி வடிகட்டி கலங்கலையும், நுண்துளை உடையதாயின் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் தடுக்கும், வைரஸ்களைத் தடுப்பது அரிது, உப்பை நீக்காது. தேங்காய் ஓட்டுக் கரி முதலியவற்றால் ஆன கரிவடிகட்டி குளோரினையும், துர்நாற்றத்தையும், சில இரசாயனங்களையும் உறிஞ்சும்; கிருமியைக் கொல்லாது. புற ஊதாக் கதிர் விளக்கு கிருமியை அழிக்கும், வேறொன்றையும் நீக்காது, நீர் கலங்கியிருந்தால் கதிர் உள்ளே புகாது. ஆர்.ஓ. சவ்வு உப்பையும் பெரும்பாலான உலோகங்களையும் நீக்கும். ஆனால் நீரில் ஒரு பகுதியைக் கழிவாகத் தள்ளிவிடும்.

ஆகவே "இது நல்ல வடிகட்டியா?" என்ற வினா முழுமையான வினா அன்று. "எந்தக் குற்றத்தை, எவ்வளவு நீக்குகிறது?" என்பதே முறையான வினா. அதற்கு விடை காண ஒரே வழி, உட்செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் ஒரே நாளில் ஒருங்கே சோதித்து ஒப்பிடுவதுதான்.

விற்பனையாளரின் வித்தை

வீடு தேடி வரும் விற்பனையாளர் சிலர் ஒரு வித்தை காட்டுவதுண்டு. ஒரு குவளையில் நம் வீட்டு நீரும், மற்றொன்றில் தம் கருவியின் நீரும் வைத்து, இரண்டிலும் உலோகக் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுவார். நம் நீர் பழுப்பு நிறமாகி அழுக்குப் படியும். அவர் நீர் தெளிவாகவே நிற்கும். "இவ்வளவு நஞ்சையும் இதுகாறும் குடித்தீர்கள்" என்பார். வீட்டார் அஞ்சிப் போவர்.

உண்மை யாதெனில், அந்த அழுக்கு நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. உப்புள்ள நீரில் மின்சாரம் எளிதில் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் படியும். உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் பாய்வது அரிதாகையால் கம்பி கரைவதில்லை. அவருடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, மீண்டும் காட்டும்படி கேளுங்கள். அதே பழுப்பு நிறம் அங்கும் தோன்றும். மின்சாரத்தோடு தொடர்புடைய இச்செயலை நம் வீட்டில் நாமே செய்தலாகாது.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள்

*(1) கலங்கல் சோதனை.* உயரமான கண்ணாடிக் குவளைகள் இரண்டில் உட்செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் நிரப்பி, வெள்ளைத் தாளில் அச்சிட்ட சிறு எழுத்தின்மேல் வைத்து மேலிருந்து நோக்குக. எழுத்து தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

*(2) பீங்கான் வர்த்தியின் விரிசல் சோதனை.* வர்த்தியை நன்கு கழுவி, நீரில் ஊறவைத்து, நீருக்குள் அமிழ்த்தியபடியே அதன் காம்பில் ஒரு சுத்தமான குழாயைப் பொருத்தி மெல்ல ஊதுக. ஏதேனும் ஓரிடத்திலிருந்து மட்டும் குமிழி தொடர்ந்து எழுமாயின் அங்கே விரிசல் உளது. அவ்வர்த்தியைக் கழித்துவிடுக.

*(3) இரும்புச் சோதனை.* கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் கருமை உண்டாகும் என்பதைச் சாயத் தொழில் அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தெளிந்த கடுக்காய்க் கஷாயத்தை இரு குவளை நீரிலும் சம அளவு விடுக. நீலங்கலந்த கருமை எழுந்தால் இரும்பு உளது. வெளிவரும் நீரில் அந்நிறம் எழாதாயின் வடிகட்டி இரும்பை நீக்குகிறது எனக் கொள்ளலாம். சோதித்த நீரைக் கொட்டிவிடுக.

*(4) குளோரின் சோதனை.* சுகாதாரப் பணியாளர் வைத்திருக்கும் சிறு கருவியில் நீரை எடுத்து மருந்துத் துளி விட்டால், குளோரின் இருக்குமாயின் மஞ்சள் நிறம் தோன்றும். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் நலம். வழியில் கிருமி புகாமல் காப்பது அதுவே. கரிவடிகட்டி அதனை உறிஞ்சிவிட வேண்டும். வெளிவரும் நீரிலும் மஞ்சள் தோன்றினால் கரி தன் சத்தை இழந்தது என்பது பொருள். குளோரின் நீங்கிய நீருக்குக் காவல் இல்லை. ஆதலால் அதனை மூடிய பாத்திரத்தில் வைத்து, அன்றன்றே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும்.

*(5) உப்புச் சோதனை.* சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் என்னும் சிறு கருவி, நீரில் மின்சாரம் பாயும் எளிமையை அளந்து, கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். ஆர்.ஓ. கருவியின் திறனைக் கீழ்க்கண்டவாறு கணக்கிடுக.

உதாரணமாக, உட்செல்லும் நீர் 1,400. வெளிவரும் நீர் 112. நீங்கியது 1,288. இஃது நூற்றுக்கு 92 ஆகும். சவ்வு நன்றாக உழைக்கிறது. சில மாதங்கள் கழித்து லாரி நீர் ஊற்றிய நாளில் உட்செல்லும் நீர் 300, வெளிவரும் நீர் 90 என்று வைத்துக்கொள்வோம். 112-ஐ விட 90 குறைவாயிற்றே என்று மகிழ்தல் தவறு. நீங்கியது 210, அஃது நூற்றுக்கு 70 மட்டுமே. சவ்வின் திறன் குறைந்து வருகிறது. வெளிவரும் நீரை மட்டும் அளப்பவர் இதனைக் காணமாட்டார்.

*(6) கழிவுச் சோதனை.* பத்து நிமிட நேரம், நல்ல நீரை ஒரு பாத்திரத்திலும் கழிவு நீரை மற்றொன்றிலும் பிடித்து அளக்க. நல்ல நீர் 2 லிட்டர், கழிவு 6 லிட்டர் எனின், உட்சென்றதில் நாலில் ஒரு பங்கே பயனாயிற்று. குடம் தூக்கும் நம் பகுதியில் இக்கணக்கு அவசியமானது. கழிவு நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் கொள்ளலாம். உவர் மிகுந்திருக்குமாகையால் செடிகளுக்கு ஊற்றுமுன் அதனையும் மீட்டரில் அளந்து பார்த்தல் வேண்டும்.

மீட்டர் சொல்லாதவை

டி.டி.எஸ். எண் ஒன்றையே நீரின் தரமெனக் கொள்ளும் பிழை நாடெங்கும் பரவியுள்ளது. அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. சாக்கடை சிறிது கலந்த நீரும் 200 என்ற நல்ல எண்ணைக் காட்டக்கூடும். ஈயத்தையும் காட்டாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மீட்டரிலோ மிகச் சிறிய எண் 1. எனவே ஈயம் வரம்பைப் போல் 100 மடங்கு இருந்தாலும் மீட்டரில் ஏறக்குறைய ஓர் எண்ணே கூடும்!

அதே தரத்தின்படி கரைந்த உப்பு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம். உப்பு 500-க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

சில கருவிகளில் சுவைக்காக, வடிகட்டிய நீரோடு சவ்வின் வழிச் செல்லாத நீரைச் சிறிது கலக்கும் திருகு ஒன்று உண்டு. உள்நீரில் உலோகமோ நைட்ரேட்டோ மிகுந்திருந்தால், அத்திருகு வழியே அவையும் நம் குவளைக்கு வந்துசேரும். அத்திருகைத் திறந்திருக்கும் நிலையிலேயே வெளிவரும் நீரைச் சோதிக்க வேண்டும்.

கிருமிச் சோதனை

கிருமிக்கு எளிய சோதனை ஒன்று நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1982-இல் மாஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய விஞ்ஞானிகள் மூவர் வெளியிட்ட முறை இது. மருந்தூட்டிய தாள் ஒன்று சுத்தப்படுத்திய சிறு சீசாவில் இருக்கும். அதில் 20 மில்லிலிட்டர் அளவுக்கு நீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கலப்பைக் காட்டும் கிருமிகள் இருக்குமாயின் நீர் கறுத்துவிடும். 30 முதல் 37 டிகிரி வெப்பம் போதுமாதலால் நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் அறையின் சூடே தகும். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பார்க்க வேண்டும்.

ஒரு சீசா போதாது, நான்கு வேண்டும். முதலாவதில் உட்செல்லும் நீர். இரண்டாவதில் வடிகட்டிய நீர். மூன்றாவதில் நன்கு கொதித்து ஆறிய நீர். நான்காவதில் குடத்தில் மொண்டு குடிக்கும் நீர். முடிவுகளைக் காணும் வகை வருமாறு:

முதலாவது கறுத்து, மற்றவை தெளிந்திருப்பின் வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது.

முதலாவதும் இரண்டாவதும் கறுத்தால் வடிகட்டி பயனற்றது. விளக்கோ வர்த்தியோ பழுது.

முதலாவது தெளிந்து, இரண்டாவது கறுத்தால் வடிகட்டியின் உள்ளேயே கிருமி வளர்கிறது. மாற்றப்படாத கரியில் இவ்வாறு நேர்வதுண்டு.

நான்காவது மட்டும் கறுத்தால் குற்றம் வடிகட்டியினதன்று. குடத்தினதும் கையினதும் ஆகும்.

கொதித்த நீரும் கறுத்தால் சோதனை செய்த முறையில் அழுக்கு நேர்ந்தது, மீண்டும் செய்க.

நான்கும் தெளிந்திருந்தால் மகிழலாம். ஆயின் வடிகட்டியின் திறன் நிலைநாட்டப்படவில்லை. உட்செல்லும் நீரிலேயே கிருமி இல்லாதபோது வடிகட்டி எதைத் தடுத்ததென்று சொல்வது? மழைக்காலத்தில் குழாய் நீர் நாறும் நாளில் மீண்டும் சோதிக்க வேண்டும். நீரை ஊற்றிய சிறிது நேரத்திலேயே சீசா கறுக்குமாயின், அழுகிய முட்டை நாற்றம் தரும் வாயு அந்நீரில் முன்னரே இருந்திருக்கலாம். அப்போது இச்சோதனையை நம்பலாகாது. சோதித்த சீசாவில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிவைத்துப் பின்னர்க் கழிப்பறையில் கொட்டிவிடுக.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போதுமா?

விளம்பரங்களில் "99 சதவிகிதக் கிருமிகளை அழிக்கும்" என்று காண்கிறோம். பாவில் 4,000 இழை உள்ள ஒரு துணியில் நூற்றுக்கு ஒன்று அறுந்தால், 40 இழை அறுந்த துணியாகும். அதனை எச்சங்கமும் கொள்முதல் செய்யாது. கிருமியிலோ எண்ணிக்கை இன்னும் பெரிது. ஒரு குவளை நீரில் 1,00,000 கிருமிகள் இருப்பின், 99 சதவிகிதம் நீங்கிய பின் 1,000 எஞ்சும். 99.99 சதவிகிதம் நீங்கினால் எஞ்சுவது 10.

உலக சுகாதார ஸ்தாபனம் 2014 முதல் வீட்டு நீர்ச் சுத்திகரிப்புச் சாதனங்களைச் சோதித்துத் தரம் பிரித்து வருகிறது. அதன் உயர்ந்த தரத்தைப் பெற, பாக்டீரியாவில் பத்தாயிரத்திற்கு ஒன்றுக்கு மேலும், வைரஸில் இலட்சத்திற்கு ஒன்றுக்கு மேலும் தப்பலாகாது. ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது "எத்தனை ஒன்பது?" என்பதோடு "எந்தக் கிருமிக்கு?" என்பதும் ஆம்.

ஆய்வகத்திற்கு அனுப்புதல்

உலோகம், நைட்ரேட், புளோரைடு முதலியவற்றை வீட்டில் அறிய முடியாது. கிண்டி கிங் நிலையம், குடிநீர் வடிகால் வாரியம் ஆகியவற்றின் ஆய்வகங்களை நாடவேண்டும். ஆலைகளை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போர்க்கு இஃது இன்றியமையாதது.

இரசாயனச் சோதனைக்கு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மும்முறை அலசி நிரப்புக. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தப்படுத்திய சீசாவையே பயன்படுத்துக, அதனை அலசலாகாது. குழாயின் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, சீசாவின் வாயில் விரல் படாமல் சிறிது இடம்விட்டு நிரப்பி, ஐஸ் வைத்த பெட்டியில் ஆறு மணி நேரத்திற்குள் சேர்ப்பது நலம். உட்செல்லும் நீர், வெளிவரும் நீர் இரண்டையும் அனுப்ப வேண்டும் என்பதை மறவற்க.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றைத் தனி ஒருவர் செய்வது சுமையாகத் தோன்றலாம். நூறு வீடுகள் கூடினால் சுமை இல்லை. ஒரு டி.டி.எஸ். மீட்டர், ஒரு குளோரின் சோதனைப் பெட்டி, சில டஜன் கிருமிச் சோதனைச் சீசாக்கள் ஆகியவற்றைச் சங்கம் வாங்கி வைக்கலாம். அங்கத்தினர் இருவர், அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நன்று, பழகிக்கொண்டு வீடு வீடாகச் சென்று சோதிக்கலாம். தேதி, நீரின் வகை, உள்ளளவு, வெளியளவு, வர்த்தி அல்லது சவ்வு மாற்றிய நாள் ஆகியவற்றைப் பேரேடு ஒன்றில் பதிய வேண்டும். ஓராண்டுப் பேரேடு கையிலிருந்தால், எந்தச் சாதனம் எத்தனை மாதம் உழைக்கிறது என்பது விளம்பரத்தின் உதவியின்றியே விளங்கும். அதன்பின் கூட்டாக வாங்கும்போது விலையையும் குறைக்கலாம், "மூன்று மாதத்தில் சோதிப்போம், தவறினால் மாற்றித் தரவேண்டும்" என்று நிபந்தனையும் எழுதி வாங்கலாம்.

அன்றியும், ஒரே தெருவில் பத்து வீட்டின் உட்செல்லும் நீர் கறுத்ததென்று பேரேடு காட்டுமாயின், அது பத்து வடிகட்டிகளின் குற்றமன்று; தெருக்குழாயின் விரிசல். அப்பேரேட்டை எடுத்துக்கொண்டு குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்திற்குச் சென்றால், "தண்ணீர் சரியில்லை" என்னும் வெறும் முறையீட்டைவிட அது வலுப்பெறும். வடிகட்டி வாங்க இயலாத வீட்டுக்கும் நல்ல நீர் கிடைப்பதற்கு வழி அதுவே. பணமுள்ளவர் வடிகட்டிக்குள் ஒதுங்கிக்கொண்டு, இல்லாதவர் கெட்ட நீரையே குடிக்கும் நிலை கூட்டுறவுக்கு ஒவ்வாது.

நூலைச் சோதிக்கும் கையும், விதையை எண்ணும் கண்ணும் நம்மிடம் உள்ளன. அவற்றை நீரின் பக்கமும் திருப்புவோமாக.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. உங்கள் வீட்டில் குடிப்பது எவ்வகை நீர்? அதன் முதன்மையான குற்றம் எதுவாக இருக்கலாம்?

2. ஆர்.ஓ. கருவி ஒன்றில் உட்செல்லும் நீர் 800, வெளிவரும் நீர் 120. நூற்றுக்கு எத்தனை பங்கு உப்பு நீங்கிற்று?

3. உட்செல்லும் நீர்ச் சீசா தெளிந்து, வடிகட்டிய நீர்ச் சீசா கறுத்தால் காரணம் யாது? உடனே செய்ய வேண்டியது யாது?

4. ஆல்டோனாவில் 1893-இல் நேர்ந்தது நம் வீட்டு வடிகட்டியில் எவ்வெவ் விதமாக நேரக்கூடும்?

5. நம் சங்கத்தில் நீர்ச்சோதனைப் பேரேடு தொடங்குவதாயின், முதல் மாதத்தில் எந்தத் தெருவில் தொடங்கலாம்? பொறுப்பேற்போர் யாவர்?